டிஸ்கிரிமினேஷனைக் கூட்டுவதா, குறைப்பதா: செட்டிநாட்டு மண்ணுக்கு எது சரி?

மெட்டல் டிடெக்டர் வாங்குகிற எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஆணி, மூடி எதற்கும் கத்தாமல் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் மட்டும் கத்துகிற மாதிரி செட் பண்ண முடியுமா? முடியாது. ஆனால் டிஸ்கிரிமினேஷன், அதாவது வேண்டாத உலோகத்துக்குச் சத்தம் வராமல் வெட்டிவிடும் செட்டிங், அதை வைத்து ஓரளவு நெருங்கலாம். எவ்வளவு நெருங்கலாம் என்பது இடத்தைப் பொறுத்தது, காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டுத் தோட்டத்தில் இறங்கினால் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது பாதிதான் பொருந்தும்.

டிடெக்டருக்கு உலோகத்தின் பெயர் தெரியாது. தரையை ஒட்டி வீசும் வட்டத் தலைக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலிலிருந்து போகும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும், அது எவ்வளவு தாமதமாகத் திரும்பித் தெரிகிறது என்பதை அளந்து ஓர் எண்ணாகக் காட்டும், அவ்வளவுதான். காரெட் ஏஸ் 400 மாடல் என்றால் 0 முதல் 99 வரை; மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 என்றால் மைனஸ் 9 முதல் 40 வரை, அதில் 0 வரைக்கும் இரும்பு. இரும்பு அடியில், செம்பும் வெள்ளியும் உச்சியில், நடுவில்தான் வம்பு. மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள், சிகரெட் பெட்டித் தாள், சின்னத் தோடு, 22 காரட் மோதிரம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். உலோகம் எது என்பதோடு கனமும் வடிவமும் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. அதனால் தங்கத்துக்கென்று தனி எண் கிடையாது.

இப்போது செட்டிங்குக்கு வருவோம். டிஸ்கிரிமினேஷனை நன்றாக ஏற்றிவைத்து அலுமினியத் தாள் வரைக்கும் வெட்டிவிடுவது ஒரு வழி. காதுக்கு நிம்மதி, குழி தோண்டுவதும் குறையும். வெள்ளி ரூபாய், செம்புக் காலணா மட்டும் போதும் என்று நினைப்பவருக்கு, அதுவும் வீட்டை இடித்துக் கொட்டிய மண்மேட்டில் சீக்கிரம் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போக நினைப்பவருக்கு இது ஓகே. நகை தேடுகிறவர் இதைத் தொடவே வேண்டாம்.

நாட்ச் இதைவிட நாகரிகமான வழி, குறிப்பிட்ட எண்களை மட்டும் ஊமையாக்கலாம். அமெரிக்காவில் இழுத்துத் திறக்கும் கேன் வளையத்துக்காகவே இதைப் பழக்கியிருக்கிறார்கள், அங்கே அந்தக் குப்பை அவ்வளவு. நம் ஊரில் அந்த வளையம் எத்தனை கிடக்கப்போகிறது? அந்த எண்களை வெட்டினால் குப்பை பெரிதாகக் குறையாது, மோதிரம்தான் போகும். பொருட்காட்சி நடந்த பொட்டல் மாதிரி ஒரே வகைக் குப்பை குவிந்த இடத்தில் மட்டும் நாட்சுக்கு என் ஓட்டு.

இரும்பை மட்டும் வெட்டுவதுதான் பெரும்பாலானோர் வைத்திருக்கும் செட்டிங். கேட்க நியாயமாக இருக்கும், செட்டிநாட்டில் பிரச்சினையே இங்கேதான். இந்த வீடுகளில் எத்தனை தேக்குக் கதவு, எத்தனை கீல், எத்தனை ஆணி! நிலையும் தூணும் பழம்பொருள் கடைக்குப் போன பிறகும் ஆணி மண்ணிலேயே கிடக்கிறது, கூடவே இனாமல் பாத்திரச் சில்லு, கம்பி மத்தாப்புக் கம்பி. நல்ல பொருளுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்து, நீங்கள் இரும்பை ஊமையாக்கியிருந்தால், காயில் இரண்டையும் சேர்த்தே பார்க்கும், ஆணியை அமுக்கும்போது மோதிரத்தின் சத்தமும் சேர்ந்து அமுங்கிவிடும். திரையில் ஒன்றும் வராது, இந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று நீங்களும் நகர்ந்துவிடுவீர்கள். வளைந்த ஆணி, வாஷர், துருப்பிடித்த சோடா மூடி இதற்கு நேர் எதிர். இரும்பாக இருந்தும் வெள்ளி மாதிரி உச்சியில் கத்தும்.

அதனால் என் கட்சி நாலாவது வழி. எதையும் வெட்டாமல் ஆல் மெட்டலில் வைத்து, இரும்புக்குத் தாழ்ந்த சத்தமும் மற்றதற்கு உயர்ந்த சத்தமும் வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, வடிகட்டுவதைக் காதிடம் விடுவது. ஏஸ் 400-இல் இதற்கு அயர்ன் ஆடியோ உண்டு. ஈக்வினாக்ஸில் குதிரை லாடப் படம் போட்ட பட்டனை அழுத்தினால் வெட்டியதெல்லாம் திரும்ப வந்துவிடும். சந்தேகமான இடத்தில் குறுக்கே நின்று இன்னொரு தரம் வீசிப் பாருங்கள், காசு என்றால் எண் பெரிதாக மாறாது, ஆணி என்றால் தாவும். காது பழக நாளாகும், தலைவலியும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். செம்மண்ணும் செம்பாறையும் உள்ள இடங்களில் மண்ணிலேயே இரும்புச்சத்து இருப்பதால் ஆழத்தில் கிடக்கும் நல்ல பொருளின் எண்கூட இரும்புப் பக்கம் சரியும், வெட்டிவைத்தால் அதுவும் போச்சு. முதலில் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண்ணின் இரும்புச்சத்தை டிடெக்டர் கண்டுகொள்ளாதபடி சரிசெய்யுங்கள், எல்லா மாடலிலும் அந்த வசதி இருக்காது.

காசு தேடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். 1992-க்குப் பிறகு வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும், டிடெக்டருக்கு அது இரும்புச் சாதிதான். 1947-இல் அடித்த நிக்கல் ரூபாயும் காந்தத்தில் ஒட்டும். 1940-க்கு முந்தைய ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம், 1940-இலிருந்து பாதிதான். பழைய ரூபாய் உச்சி எண்ணில் தெளிவாகவே வரும்.

தொலைந்துபோன நகை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆல் மெட்டல்தான். மெல்லிய சங்கிலியை டிடெக்டர் சங்கிலியாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்கிறது, சில நேரம் கொக்கி மட்டும்தான் லேசாகச் சத்தம் கொடுக்கும். ஆச்சி தோட்டத்தில் வைரத்தோட்டைத் தொலைத்துவிட்டு உங்களைக் கூப்பிட்டால், டிஸ்கிரிமினேஷன் போட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள். அதே மாதிரி ஒரு தோட்டைக் கேட்டு வாங்கி, மண்ணில் வைத்து, என்ன எண் வருகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சொந்த வீடு, சொந்தத் தோட்டம், இல்லை உரிமையாளர் அனுமதி, அதைத் தாண்டிப் போகாதீர்கள். 1878 புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கீழடியும் இதே சிவகங்கை மாவட்டம்தான், தொல்லியல் இடங்கள் பக்கம் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது.

கையில் மிச்சக் காசு இருந்தால் விலை கூடின மாடலுக்கு மாறுவதற்கு முன் சின்ன காயில் ஒன்று வாங்குங்கள். ஆழம் கொஞ்சம் குறையும், ஆனால் ஒரே நேரத்தில் காயிலுக்கு அடியில் வரும் ஆணிகளும் குறையும். இடித்த வீட்டு மண்ணில் இரண்டாவதுதான் முக்கியம்.