மூக்குத் துளையா, மூக்கு மட்டுமா, முழு முகமா? சீபேப் மாஸ்க் மூன்றையும் நம்ம ஊர் வீட்டில் வைத்துப் பார்த்தால்

தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்கு (ஸ்லீப் அப்னியா) இரவு முழுக்க மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் கருவிதான் சீபேப். அதை வாங்கப் போகிறவர்கள் கருவியைப் பற்றித்தான் வாரக்கணக்கில் விசாரிக்கிறார்கள். எந்த பிராண்ட், ஆட்டோவா இல்லையா, கைப்பேசியில் கணக்கு வருமா என்று. மாஸ்க்கைக் கடைசி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். கடைக்காரர் எடுத்து நீட்டுவது எதுவோ அதுதான். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. காற்றை ஊதுகிற வேலையை எல்லாக் கருவிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்கின்றன. இரவு முழுக்க முகத்தில் ஒட்டிக் கிடப்பது மாஸ்க். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் கருவியை வாங்கி அலமாரி மேல் ஏற்றிவிட்டவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மிஷின் கெட்டுப்போச்சு என்பவர் குறைவு. "மூஞ்சில வெச்சிக்கிட்டுப் படுக்க முடியல" என்பவர்தான் அதிகம்.

நோயைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது, மூளை திடுக்கிட்டு எழுப்பிவிடுகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இப்படி மணிக்கு 5 முறைக்குக் குறைவாக நடந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் கடுமையானது. சீபேப் காற்றை ஒரே அழுத்தத்தில் உள்ளே தள்ளி அந்தப் பாதையை மூடவிடாமல் வைத்திருக்கிறது. பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை வைப்பார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் கோலின் சல்லிவன். 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஆரம்ப கால மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் மூக்கில் பசை போட்டு ஒட்ட வேண்டியிருந்தது. வார்ப்பட்டை இறுக்குகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் அதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இந்தச் சிகிச்சை தொடக்கத்திலேயே மூக்கு வழியாகத்தான் பிறந்தது என்பது. முழு முகத்தை மூடுவது பின்னால் வந்த ஏற்பாடு.

இன்று கடையில் கிடைப்பவை மூன்று வகை. முதலாவது, இரண்டு சிறிய சிலிக்கோன் குமிழ்கள் மூக்குத் துளை வாசலில் உட்காருவது. இதை நேசல் பில்லோ என்பார்கள். இரண்டாவது, மூக்கை மட்டும் மூடுகிற கிண்ணம். மூன்றாவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ். இடையில் மூக்கின் அடியில் தொட்டில் போல் தாங்கும் வகையும் உண்டு. அதை இரண்டாவதன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாகக் காரணம் இல்லாதவரை மூக்கு வகையில்தான் தொடங்க வேண்டும். ஃபுல் ஃபேஸ் வேண்டியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கடைகளில் அதை வாங்கிச் செல்கிற அத்தனை பேருக்கும் அது வேண்டியதில்லை.

பொதுவாகக் கடையில் நடப்பது இதுதான். "வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குவீங்களா?" என்று கேட்பார்கள். குறட்டை விடுகிற யார்தான் இல்லை என்பார்? உடனே ஃபுல் ஃபேஸ் பெட்டி மேசைக்கு வந்துவிடும். சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால் வாய் திறப்பதற்குப் பாதிக் காரணம் மூச்சுத் திணறல்தான். மூக்கு வழியாகக் காற்று சீராகப் போகத் தொடங்கியதும் பலருக்கு வாய் தானாக மூடிக்கொள்கிறது. இன்னொன்றும் உண்டு. மூக்கு வழியாக மட்டும் காற்று போகும்போது அந்த அழுத்தம் மென்னண்ணத்தையும் (வாயின் மேற்கூரையில் பின்பக்கம் உள்ள மென்மையான பகுதி) நாக்கையும் முன்பக்கம் தள்ளிப் பாதையைத் திறக்கிறது. வாய் வழியாகவும் அதே காற்று நுழைந்தால் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகி அந்த உதவி போய்விடும். போதாததற்கு, ஃபுல் ஃபேஸின் பட்டையை இறுக்க இறுக்க அது தாடையைப் பின்னால் தள்ளுகிறது. தாடை பின்னால் போனால் நாக்கும் கூடவே போகும். முழு முக மாஸ்க்கில் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதும், கசிவு அதிகமாவதும், பயன்படுத்தும் நேரம் குறைவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை.

அப்படியென்றால் யாருக்கு அது சரி? எங்கள் லயத்தில் இருந்து வீடு மாறிப் போன ஓர் அண்ணன் செம்பனை எண்ணெய் டேங்கர் லோரி ஓட்டுகிறார், பெரும்பாலும் தைப்பிங் வழியாகப் பட்டர்வொர்த் வரை. அவருக்கு மூக்கின் உள்ளே நடுச்சுவர் ஒரு பக்கம் நன்றாக வளைந்திருக்கிறது. மருந்தடித்தும் அந்தப் பக்கம் காற்று போகவில்லை. அவருக்கு ஃபுல் ஃபேஸ்தான், அதில் விவாதமே இல்லை. ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு கண் சொக்குகிற ஆளுக்கு எந்த மாஸ்க் அழகு என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது, இன்றிரவு எது வேலை செய்யும் என்பதுதான் கேள்வி. மூக்கு நிரந்தரமாக அடைத்தவர்கள், மூக்கு வழியாகத் தொடங்கிப் பார்த்தும் வாய்க் கசிவு நிற்காதவர்கள், சளி பிடித்த வாரத்தில் மட்டும் மாற்றாக வைத்துக்கொள்கிறவர்கள், இவர்களுக்கும் அது பொருந்தும். பல்செட் கட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செட்டைக் கழற்றியதும் கன்னம் உள்ளே போகும், அளவு மாறிவிடும். இரவில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே வைத்து அளவு பாருங்கள்.

காந்த கிளிப் விஷயம் தனி. சில மாஸ்க்குகளில் பட்டையை மாட்டக் காந்தம் வைத்திருப்பார்கள். வயதானவர்களின் விரலுக்கு அது எளிது. ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், தலைக்குள் உலோகக் கிளிப் போன்றவை வைத்தவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். 2022-இல் பிலிப்ஸ் நிறுவனமும் அடுத்த ஆண்டு ரெஸ்மெட் நிறுவனமும் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டன. பக்கத்தில் படுப்பவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் இதே கவனம் தேவை. காந்தம் இல்லாத கிளிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது மூக்கு வகை இரண்டுக்குள் போட்டி. இங்கேதான் நம்மவர் முகத்தின் விசேஷங்கள் வருகின்றன, விளக்கப் புத்தகங்களில் இவை பெரும்பாலும் இருக்காது.

மீசைக்காரர்களுக்கு நேசல் பில்லோ. கிண்ணத்தின் கீழ் விளிம்பு மேலுதட்டில் உட்கார வேண்டும்; அங்கே அடர்ந்த மீசை இருந்தால் முடியிடுக்கில் காற்று புஸ்ஸென்று போகும், நேராகக் கண்ணில் அடிக்கும். பில்லோ துளை வாசலிலேயே அடைத்துக்கொள்வதால் மீசையைப் பற்றிக் கவலைப்படாது. நான் பயன்படுத்துவதும் அதுதான். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம், தொலைக்காட்சி பார்க்கலாம், மூடிய இடத்தில் மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவர்களுக்கும் முகத்தில் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். குறை என்னவென்றால், அழுத்தம் 12, 13-ஐத் தாண்டினால் பலருக்குத் துளைக்குள் காற்று குத்துகிறது. முதல் சில வாரம் துளை ஓரம் புண்ணாவதும் உண்டு. பெரும்பாலும் அளவு சிறியதாக இருப்பதால் வருவது அது. ஒரு அளவு பெரிதாக மாற்றினால் போய்விடும்.

மூக்குத்தி போட்டவர்களுக்குக் கதை வேறு. மூக்குத்தியின் திருகு துளைக்குள் இருக்கிறது, பில்லோ சரியாக அந்த இடத்தில் வந்து அழுத்தும். இரட்டை மூக்குத்தி என்றால் கேட்கவே வேண்டாம். என் மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மூக்குத்தியக் கழட்டணும்னா எனக்கு இந்த மிஷினே வேணாம் மாப்ள." அவருக்குக் கிண்ண வகைதான் ஒத்து வந்தது. மூக்கு முழுவதும் கிண்ணத்துக்குள் போய்விடுவதால் மூக்குத்தி பாட்டுக்கு உள்ளே இருக்கும், விளிம்பு அதைத் தொடாது. அழுத்தம் அதிகமாக வேண்டியவர்களுக்கும் கிண்ணம் மென்மையாக இருக்கும். ஆனால் மூக்குத் தண்டின் மேல் பகுதியில் தழும்பு விழும். பட்டையை இறுக்கினால் தழும்பு பெரிதாகுமே தவிரக் கசிவு குறையாது. கருவியை ஓடவிட்டு, படுத்தபடியே, முகத்தைத் தொடுகிற குஷன் காற்றில் உப்பும்படி முகத்திலிருந்து சற்றுத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, பட்டையைத் தளர்வாகப் பொருத்திப் பாருங்கள்.

தேங்காயெண்ணெய் மூன்று வகைக்கும் பொது எதிரி. தலை நிறைய எண்ணெய் வைத்துப் படுத்தால் பட்டை வழுக்கிக்கொண்டே போகும். முகத்து எண்ணெய் சிலிக்கோனைச் சீக்கிரம் கெடுக்கும். குளித்துவிட்டுப் பவுடர் பூசிப் படுப்பது இன்னொரு வழக்கம், அதுவும் விளிம்பை ஒட்டவிடாது. முகம் கழுவித் துடைத்துவிட்டு மாட்டினால் பாதிக் கசிவு நின்றுவிடும். கொண்டை போடுகிறவர்கள் பின்பட்டை கொண்டைக்குக் கீழே வருகிற மாதிரி பார்க்க வேண்டும். பில்லோ வகையில் குழாய் உச்சந்தலையில் வருகிற மாடல்கள் உண்டு, புரண்டு புரண்டு படுப்பவர்களுக்கு நல்லது. ஆனால் உச்சியில் கொண்டை இருந்தால் சரிப்படாது.

வீட்டின் நிலைமையும் மாஸ்க்கைத் தீர்மானிக்கிறது. ஏர்கோனை 18-இல் வைத்துத் தூங்குகிற வீட்டில், கருவியில் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஈரப்பதப் பெட்டியிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று குழாயில் குளிர்ந்து தண்ணீராகி, நடுராத்திரியில் மூக்கில் சொட்டும். பில்லோவில் அது நேராக மூக்குக்குள்ளேயே போகும், கிண்ணத்தில் கொஞ்சம் தேங்க இடமுண்டு. சூடேறும் குழாய் வாங்குவது ஒரு வழி, குழாய்க்குத் துணியுறை போடுவது மலிவான வழி. காற்றாடி மட்டும் ஓடுகிற அறையில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. சிலர் ஈரப்பதத்தைக் குறைத்தே வைக்கிறார்கள். பெட்டியில் ஊற்ற மருந்தகத்தில் விற்கும் காய்ச்சி வடித்த நீர்தான் சரி. காடி (கார்) பட்டறையில் வாங்கும் பேட்டரித் தண்ணீர் மனிதன் சுவாசிக்கத் தயாரித்ததல்ல.

கொசுவர்த்தி எரிகிற அறையில் கருவி அந்தப் புகையைத்தான் இழுத்து உங்கள் மூக்கில் ஊதும். சாம்பிராணியும் அப்படித்தான், புகைமூட்டக் காலமும் அப்படித்தான். அதனால் மூக்கு அடைக்கும், மூக்கு அடைத்தால் வாய் திறக்கும், வாய் திறந்தால் ஃபுல் ஃபேஸ் வேண்டும் என்பார்கள். அந்தச் செலவுக்கு முன்னால் வடிகட்டியை மாற்றி, கொசுவலை கட்டிப் பாருங்கள். மூக்கை உப்புநீரில் கழுவுவதும் உதவும். அதற்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்கக் கூடாது, கொதிக்க வைத்து ஆறிய நீர் வேண்டும். ஒவ்வாமைக்கு ஸ்பிரே தேவையா என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள். வாயில் டேப் ஒட்டுகிற புதுப் பழக்கத்தை மூக்கடைப்பு உள்ளவர்கள் கிட்டவே சேர்க்க வேண்டாம்.

மழைக்காலத்தில் இடி இடித்தால் கரண்ட் போகும். மூக்கு வகையில் வாயைத் திறந்து மூச்சு விடலாம். ஃபுல் ஃபேஸில் அதற்கென்றே காற்று நின்றதும் திறந்துகொள்ளும் வால்வு இருக்கிறது, கழுவும்போது அது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த மாஸ்க்கிலும் முன்புறம் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு, காற்று அதன் வழியே சீறும். பக்கத்தில் படுக்கிற மனைவி குளிர்கிறது என்று சொல்கிறார் என்பதற்காக அதை டேப் போட்டு அடைத்துவிடாதீர்கள். விடுகிற மூச்சு வெளியே போக இருக்கும் வழி அது.

மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான். பகல் தூக்கம்தானே என்று மாஸ்க் இல்லாமல் சாய்கிறவர்கள் அதிகம், தொண்டைக்கு இரவு பகல் தெரியாது.

மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கருவியை வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. உள்ளே வைத்த நுரை சிதைந்து காற்றுப் பாதைக்குள் வரலாம் என்பதால் 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. வாங்கும் கருவி அந்தப் பட்டியலில் உள்ளதா என்று தொடர் எண்ணை வைத்துப் பாருங்கள். மாஸ்க்கையோ பிறர் பயன்படுத்தியதை வாங்கவே வேண்டாம்.

ஒரு மாஸ்க் நூற்றுக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்). ஆகவே ஈப்போவுக்குப் போய் வாங்கும்போது, அளவு சரியில்லை என்றால் குஷனை மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணாடியைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வைக்கப்போகும் அழுத்தத்தில் கருவியை ஓடவிட்டு, மல்லாந்தும் பக்கவாட்டிலும் படுத்துப் பார்க்க வேண்டும், குறைந்தது பத்து நிமிடம். வீட்டுக்கு வந்தபின் திரையில் இரண்டு எண்களைப் பாருங்கள். அடைப்பு மணிக்கு 5-க்குக் கீழ் இருக்கிறதா, கசிவு அளவு மீறுகிறதா. ரெஸ்மெட் கருவிகள் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகக் கசிவு என்று காட்டும். காலையில் வாய் உலர்ந்து எழுந்து, அந்த எண்ணும் பல நாள் உயர்ந்தே இருந்தால், அப்போது ஃபுல் ஃபேஸ் பெட்டியைத் திறக்கலாம்.