வாரம் ஒரு பாடல்: ஸ்கா, ரெகே, டப் இசையைப் பகிர்ந்துகொண்ட ஆறு ஆண்டுகள்

மதுரையிலும் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்திலும் இருக்கும் பதினான்கு பேருக்கு, ஜமைக்காவில் பிறந்த ஸ்கா, ரெகே, டப் வகைகளில் நான் புதிதாகக் கண்டெடுக்கும் இசையை வாட்ஸ்அப் குழு ஒன்றின் வழியாக ஆறு ஆண்டுகளாக அனுப்பி வருகிறேன். இசையை விற்கும் பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் தேடி வாங்குவது, ஞாயிறு மாலையில் ஒரே ஒரு பாடலின் இணைப்பைக் குறிப்புடன் அனுப்புவது, மாதம் ஒருமுறை கூடிப் பெரிய பாக்ஸில் கேட்பது என்பதே இப்போதைய வழக்கம். இந்த வழக்கத்துக்கு வந்து சேரவே எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

தொடக்கத்தில் நாளொன்றுக்கு நான்கைந்து இணைப்புகளை அனுப்பினேன். பெருவிரல் குறி மட்டும் வந்தது. பாடலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்த இசை நம் ஊர்க் காதுக்கு ஒட்டவில்லை என்று நான் முடிவு கட்டியது தவறு. ரெகேயில் பாட்டின் நடை பேஸ் கிடாரில்தான் இருக்கிறது. அதன் தடித்த தந்தி எழுப்பும் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அந்தச் சுரம் அநேகமாக எழும்புவதே இல்லை. நான் அனுப்பியதில் பாதியைத்தான் நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இது புரிந்தது உசிலம்பட்டியில் மைக்செட் தொழில் செய்யும் அண்ணன் ஒருவரின் கொட்டகையில். திருவிழாவுக்குக் கட்டும் பாக்ஸ்களைச் சோதித்துக்கொண்டிருந்தவரிடம் ஜமைக்கா இசைக்கலைஞர் அகஸ்டஸ் பாப்லோவின் மெலோடிகா (வாயால் ஊதி வாசிக்கும் சிறு கட்டைக் கருவி) ஒலிக்கும் ஒரு டப் இசைத்தட்டின் பதிவைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் கேட்டுவிட்டு, "என்ன தம்பி, பாட்ட உருவி எடுத்துட்டு அடியையும் எதிரொலியையும் மட்டும் விட்டிருக்கான்?" என்றார். டப் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

அதை அப்படி உருவி எடுத்தவர்களில் முதன்மையானவரான கிங் டப்பி, ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்தும், டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றியும், ஆம்ப்ளிஃபையர் கட்டியும் பிழைத்தவர் என்று சொன்னபோது, அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். 1970களின் தொடக்கத்தில் நான்கு டிராக் மிக்சர் ஒன்றை வாங்கி, பாடகரின் குரலைப் பாட்டின் நடுவே அடக்கி, டிரம்ஸையும் பேஸையும் முன்னே நிறுத்தி, கிடாரின் ஒரு வெட்டை மட்டும் எதிரொலியில் மிதக்கவிட்டு, மிக்சரையே ஒரு வாத்தியமாக்கியவர் அவர். அன்றிலிருந்து அந்தக் கொட்டகையே எங்கள் கூடுமிடம். பகல் நேரத்தில் மட்டுமே கேட்கிறோம். ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி இருப்பதால் யாருக்கும் தொந்தரவில்லை.

மைக்செட்காரர் ஒருவருக்கு இந்த இசை உடனே பிடிபட்டதில் வியப்பில்லை, ஏனெனில் இது பிறந்ததே அப்படிப்பட்டவர்களின் போட்டியில்தான். 1950களின் கிங்ஸ்டனில் டியூக் ரீட், காக்ஸன் டாட் போன்றோர் பெரிய பெரிய பாக்ஸ்களைத் தெருவில் அடுக்கி, அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ரிதம் அண்டு புளூஸ் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டுக் கூட்டம் சேர்த்தார்கள். எந்தப் பாடல், யாருடையது என்று போட்டியாளருக்குத் தெரியக் கூடாதென்று தட்டின் நடுவிலிருக்கும் பெயர்ச் சீட்டைச் சுரண்டிவிடுவார்கள். ஆடும் கூட்டம் விரும்பிய வகைத் தட்டுகள் அமெரிக்காவிலிருந்து வருவது குறைந்தபோது உள்ளூர்க் கலைஞர்களை வைத்துத் தாங்களே பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதிலிருந்து எழுந்தது ஸ்கா. ஜமைக்கா 1962இல் விடுதலை பெற்ற காலத்து உற்சாகத்தின் ஒலி அது. 1966 வாக்கில் நடை தளர்ந்து ராக்ஸ்டெடி ஆனது. 1968 வாக்கில் ரெகே ஆனது.

அந்தப் பெயர்ச் சீட்டுச் சுரண்டலை அறிந்த பிறகு என் பகிர்வின் வடிவமே மாறியது. ஒவ்வொரு பாடலுடனும் பாடியவர், பேஸ் வாசித்தவர், டிரம்ஸ் அடித்தவர், மிக்சரில் அமர்ந்தவர், பதிவான ஊர், ஆண்டு என்று தெரிந்த அனைத்தையும் எழுதுகிறேன். பாடலின் கோப்பை அனுப்புவதில்லை, வாங்கும் பக்கத்தின் இணைப்பை மட்டுமே அனுப்புகிறேன். பேண்ட்கேம்பில் பெரும்பாலான பாடல்களை முழுதாகக் கேட்டுவிட்டு வாங்கலாம், தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளி நாட்களில் தளம் விற்பனையில் தன் பங்கைக் கலைஞர்களுக்கு விட்டுக்கொடுப்பதால், எங்கள் வாங்குதலை அந்த நாட்களுக்கென்று சேர்த்துவைக்கிறோம். என் வங்கி அட்டை வெளிநாட்டுக் கட்டணத்தைப் பல மாதங்கள் ஏற்காமல் இருந்தது. வேறு அட்டை வாங்கியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

தனிப் பாடலைவிடச் சங்கிலியாகத் தரும்போது ஈடுபாடு கூடுகிறது. காக்ஸன் டாடின் ஒலிப்பதிவுக் கூடமான ஸ்டுடியோ ஒன்னில் 1967இல் சவுண்ட் டைமன்ஷன் குழு பதிவு செய்த 'ரியல் ராக்' என்ற வாத்திய இசையை ஒரு வாரமும், அதே பேஸ் நடையின் மேல் வில்லி வில்லியம்ஸ் பாடியதை மறுவாரமும் அனுப்பினேன். நம் ஊரில் ஒரே மெட்டுக்குப் பல பாட்டுக் கட்டுவதைப் போன்ற இவ்வழக்கத்தை அங்கே ரிடிம் என்கிறார்கள். குழுவில் மிக நீண்ட உரையாடல் அப்போதுதான் நடந்தது. மிருதங்கம் பயின்ற நண்பர் ஒருவர், ஒன் டிராப் என்ற ரெகே தாள நடையில் முதல் அடி வெறுமையாக விடப்பட்டு மூன்றாவது அடியில் டிரம்ஸ் விழுவதைக் கையால் போட்டுக் காட்டி, தாளம் தொடங்கும் சமத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும் அந்தத் துணிவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

புதியவற்றில் கிளாஸ்கோவின் மங்கோஸ் ஹை ஃபை குழுவின் இசை கொட்டகையின் தகரக் கூரையையே அதிரவைத்தது. தில்லியின் ஸ்கா வெஞ்சர்ஸ் குழு, நம் நாட்டிலும் இதைச் செய்கிறார்களே என்ற மகிழ்ச்சியைத் தந்தது. டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்க்கெஸ்ட்ராவின் ஊதுகருவிகளைக் கேட்ட அண்ணன், கல்யாண ஊர்வலத்துக்கே போடலாம் என்றார். போன ஆவணியில் உண்மையாகவே போட்டார்.

என்னிடம் ஒரு பழைய ஸ்கா பதிவு இருக்கிறது. அதில் டிராம்போன் என்ற ஊதுகருவியை வாசிப்பவரின் மூச்சு உருக்குகிறது. அவர் யாரென்று நான்கு மாதங்களாகத் தேடுகிறேன். பெயர் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை அதை அனுப்புவேன்.