625 மாத்திரையா, ஐசியூ ஊசியா: ஆன்டிபயாட்டிக்கின் துணை மருந்துகளில் எது எங்கே எடுபடும்?

மெடிக்கலில் "625 ஒரு அட்டை" என்று கேட்டால் கைக்கு வருவது ஒரு மருந்தல்ல, இரண்டு: 500 மி.கி. அமாக்சிசிலின், 125 மி.கி. கிளாவுலானிக் அமிலம். பின்னது தனியாகப் பெரிதாக எதையும் கொல்லாது. அமாக்சிசிலினை உடைக்கக் கிருமி வைத்திருக்கும் நொதியில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும், அவ்வளவுதான். மாட்டின் மடிநோய்க்குக் காம்பில் ஏற்றும் டியூபிலும் இதே ஜோடி, 200-க்கு 50. அதே நாலுக்கு ஒன்று. நாய், பூனைக்கும் உண்டு. விலையிலும் வாய்வழி கொடுக்கும் வசதியிலும் இதை மிஞ்ச ஆளில்லை. வயிற்றைக் கலக்குவதும் பெரும்பாலும் அந்த 125தான். 250-ம் 125-ம் சேர்ந்த 375 மாத்திரை இரண்டை விழுங்கி 625-க்கு ஈடுகட்டாதீர்கள்; கிளாவுலானிக் இரட்டிப்பாகிவிடும்.

கார்பபெனம்கள் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக்குகளையே உடைக்கும் கிருமிகளிடம் இது செல்லாது. அங்கே ஊசிகள்தான்.

சென்னை ஆர்க்கிட் பார்மா கண்டுபிடித்த துணை மருந்தான என்மெடாசோபாக்டம், செஃபிபிம் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. சிக்கலான சிறுநீர்த் தொற்றில் 79.1% பேருக்குப் பலன். ஒப்பிட்ட பழைய ஜோடியான பிபராசிலின்-டாசோபாக்டமில் 58.9%. நம்மூர்ச் சரக்கு என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் இதன் களம் ஈஎஸ்பிஎல் நொதிகள்: பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகளை உடைப்பவை. கார்பபெனம்களையும் உடைக்கும் என்டிஎம் நொதி முன்னால் நிற்காது.

இன்னொரு துணை மருந்தான அவிபாக்டம் ஒரு படி மேல்: கார்பபெனம்களை உடைக்கும் கேபிசி, ஆக்ஸா-48 நொதிகள் இரண்டையும் அடக்கும். துத்தநாகத்தை வைத்து வேலை செய்யும் என்டிஎம்மிடம் இதற்கும் பிடி கிடைக்காது. இந்திய ஐசியூக்களின் பெரிய தலைவலியே அந்த என்டிஎம்தான். ஒரு வழி இருக்கிறது. அஸ்ட்ரியோனாம் என்ற ஆன்டிபயாட்டிக்கை என்டிஎம்மால் உடைக்க முடியாது; அதே கிருமியிடம் உள்ள மற்ற நொதிகள் உடைத்துவிடும். அந்த மற்றவற்றை அவிபாக்டம் பார்த்துக்கொள்ளும். செஃப்டாசிடிம்-அவிபாக்டமோடு அஸ்ட்ரியோனாமையும் ஏற்றும் வழக்கம் வந்தது இதனால்தான். அஸ்ட்ரியோனாமும் அவிபாக்டமும் ஒரே குப்பியில் வரும் மருந்துக்கு ஐரோப்பா 2024-லும் அமெரிக்கா 2025-லும் ஒப்புதல் கொடுத்தன. என்டிஎம் என்று லேப் சொன்னால் என் ஓட்டு இதற்கே. ஈஎஸ்பிஎல் மட்டும் என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

கால்நடைக்கு? கிளாவுலானிக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடைசிக் கட்ட ஆன்டிபயாட்டிக்கான கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்து வீணடித்து, 2019-இல் தடை போட வேண்டி வந்தது போதும். மடிநோய்க்கும் பாலை கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு டியூபைத் தேர்ந்தெடுப்பதே சரி. டியூப் ஏற்றிய மாட்டின் பாலை, மருந்து பாலிலிருந்து நீங்குவதற்கான கெடு முடியும்வரை சொசைட்டியில் ஊற்றக் கூடாது.