பாஸ்வேர்டு சரி, பெட்டகம் காலி: 6,214 கோப்புகள் போச்சு

மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படம், வீடியோவையெல்லாம் மறைத்துப் பூட்டி வைக்கும் பெட்டக ஆப் ஒன்றை நம்பி 6,214 கோப்புகளைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. பூட்டுப் படம் போட்ட ஐகானோடு இந்த வகை ஆப்கள் எக்கச்சக்கமாக இருக்கின்றன, அதில் ஒன்று.

எதற்கு என்க்ரிப்ட் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிப் பூட்டுவது) செய்யப் போனாய் என்று கேட்பீர்கள். ஃபோனுக்கு எவ்வளவு பெரிய லாக் போட்டாலும் மெமரி கார்டுக்கு அது காவல் இல்லை. ட்ரேயைத் தள்ளிக் கார்டை உருவி ஒரு ரீடரில் செருகினால் உள்ளே இருப்பது அத்தனையும் யார் கண்ணுக்கும் தெரியும். ஒருமுறை ரிப்பேருக்குக் கொடுத்த ஃபோனிலிருந்து கார்டை எடுக்க மறந்து, இரண்டு நாள் வயிற்றைப் பிசைந்தது. மகளைக் குளிப்பாட்டிய வீடியோ, அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாம் அதில்தான் இருந்தது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. சந்தா கட்டுவதற்கு முன்னாலேயே ஆப் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன்: "ஃபோனை மாற்றினால் இதே கார்டைப் புது ஃபோனில் போட்டுத் திறக்க முடியுமா?" பத்தே நிமிடத்தில் பதில். "நிச்சயமாக. உங்கள் பாஸ்வேர்டு நினைவிருந்தால் போதும். கோப்புகள் கார்டிலேயே ஏஇஎஸ் 256 பிட் முறையில் பத்திரமாக இருக்கும்."

அந்த 'நினைவிருந்தால் போதும்' என்ற வரியில்தான் விழுந்தேன். ஏஇஎஸ் பற்றி ஓரளவு தெரியும். 2001-இல் அமெரிக்க அரசே தன் தரமாக ஏற்றுக்கொண்ட என்க்ரிப்ஷன் முறை அது, இன்றுவரை யாரும் நேரடியாக உடைத்ததில்லை. பூட்டு நல்ல பூட்டுதான். சாவியை, அதாவது கோப்புகளைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்ணை, எங்கே வைப்பீர்கள் என்று கேட்க மட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. அன்றைக்கே ஒரு வருடச் சந்தாவைக் கட்டிவிட்டு, ராத்திரி முழுக்க ஃபோனைச் சார்ஜரில் போட்டு ஓடவிட்டேன். காலையில் பச்சை டிக் அடித்து ஒரு செய்தி: "6,214 கோப்புகள் பாதுகாக்கப்பட்டன. அசல் கோப்புகள் நீக்கப்பட்டன." அதைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு வேறு விட்டேன்.

போன வாரம் புது ஃபோன். கார்டைப் போட்டு, ஆப்பை இறக்கி, பாஸ்வேர்டைக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டது. உள்ளே போனால் ஒரு காலிப் பெட்டிப் படம், கீழே "இங்கே இன்னும் எதுவும் இல்லை". செட்டிங்ஸில் பார்த்தால் கார்டு 58 ஜிபி நிறைந்திருக்கிறது.

கம்பெனிக்கு எழுதினேன். இந்தத் தடவை பத்து நிமிடத்தில் பதில் வரவில்லை, ஒரு நாள் ஆனது. கேஷை (ஆப் சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகத் தரவை) அழித்துப் பாருங்கள் என்றார்கள். அழித்தேன், ஒன்றும் இல்லை. மறுபடி எழுதினேன். இரண்டு நாள் கழித்து: "பழைய ஃபோனில் ஆப்பை நீக்கிவிட்டு மீண்டும் இன்ஸ்டால் செய்து உள்நுழையவும்." பழைய ஃபோன் அப்போது மேசையில் உயிரோடுதான் இருந்தது. சொன்னபடியே செய்தேன். என் கையால் செய்தேன்.

அப்புறம் மூன்றாவது ஆள் வந்தார். "பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சாவி உங்கள் சாதனத்தை விட்டு வெளியே வராது. ஆப்பை நீக்கினால் சாவியும் நீங்கிவிடும். சிரமத்துக்கு வருந்துகிறோம்." நீக்கச் சொன்னதே நீங்கள்தானே என்று அவர்கள் கடிதத்தையே இணைத்து அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாள் ஒரு தானியங்கி அறிவிப்பு: உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது. எது ஐயா தீர்ந்தது? 6,214 கோப்பும்தான் தீர்ந்தது.

நடந்தது இதுதான். நான் போட்ட பாஸ்வேர்டு ஆப்பின் வாசல் கதவுக்கு மட்டும். கோப்புகளைப் பூட்டிய நிஜச் சாவி பழைய ஃபோனின் உள்ளே, ஆண்ட்ராய்டின் சாவிக் கிடங்கில் இருந்தது. ஆப் போனால் அதுவும் போகும். புது ஃபோனுக்கு அது வரவே வராது. முதல் நாளே பழைய ஃபோனில் கார்டைப் போட்டிருந்தால் மொத்தமும் திறந்திருக்கும். இதை நினைத்தால்தான் தூக்கம் போகிறது.

கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு கோப்பை ஹெக்ஸ் வியூவரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) திறந்தேன். ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 என்று ஆரம்பிக்க வேண்டும். இங்கே முதல் எழுத்திலிருந்து கடைசி வரை கூழ். (2015-இல் ஒரு பிரபலமான பெட்டக ஆப், கோப்பின் முதல் 128 பைட்டை மட்டும் மாற்றிவிட்டு என்க்ரிப்ஷன் என்று சொன்னது அம்பலமானது. என் ஆப்பும் அப்படி ஒரு டுபாக்கூராக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். அதில் மட்டும் நேர்மையாக இருந்துவிட்டார்கள்.)

நீக்கப்பட்ட அசல்களையாவது மீட்கலாம் என்று ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்பு மென்பொருளை ஓட்டினேன். ஆனால் அதே கார்டில்தான் என்க்ரிப்ட் ஆனவையும் எழுதப்பட்டன, அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் எடுத்த வீடியோக்களும். பழைய இடத்தின் மேலேயே எழுதியாகிவிட்டது. 87 படம் கிடைத்தது, பாதிக்குப் பாதி அரைகுறை. ஒன்றில் மகளின் நெற்றியும் ரிப்பனும் தெரிகிறது, புருவத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அவள் தண்ணீரை 'நன்னி' என்று கேட்கும் 11 விநாடி வீடியோ கிடைக்கவில்லை. இப்போது அவள் தெளிவாகத் 'தண்ணி' என்கிறாள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. அவசரமாகச் சில: பூட்டுவதற்கு முன் இன்னொரு இடத்தில் காப்பி வையுங்கள். ஆப் அசலை நீக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் பத்துப் படத்தை மட்டும் பூட்டி, கார்டை வேறு ஃபோனில் போட்டுத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டிலிருந்தே சாவியை உருவாக்கும் மென்பொருளாகப் பாருங்கள், உதாரணமாக 7-ஸிப் அல்லது வெராகிரிப்ட்; அதில் பூட்டியதைக் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம். ஆண்ட்ராய்டு 6.0 முதல் கார்டை ஃபோனின் உள் சேமிப்பாகவே மாற்றும் வசதி வந்தது. அதிலும் சாவி ஃபோனுக்குள்தான், ஃபேக்டரி ரீசெட் அடித்தால் கார்டு அம்போ.

இதே நிலையில் யாராவது இப்போது இருந்தால், பழைய ஃபோனில் ஆப்பை நீக்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், யார் சொன்னாலும். அந்த ஃபோனிலேயே கார்டைப் போட்டு எல்லாவற்றையும் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.