சாட்ஸ்வொர்த் மேட்டில் ஐந்து வருட மளிகை டெலிவரி: டிப்ஸ் கொடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்கு நாங்கள் குடிவந்து எட்டு வருடம் ஆகிறது. மளிகையை ஆப்பில் வாங்க ஆரம்பித்தது 2020 மார்ச் கடைசியில், ஊரடங்கு போட்டபோது. செக்கர்ஸ் கடைக்காரர்கள் அறுபது நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் சிக்ஸ்டி சிக்ஸ்டி ஆப்பை அதற்குச் சில மாதம் முன்பு, 2019 நவம்பரில்தான் தொடங்கியிருந்தார்கள். பிறகு மற்ற கடைகளும் வந்துவிட்டன. நான் இரண்டு மூன்று ஆப்பை மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு ஆர்டர் என்று போட்டாலும் ஐந்நூறைத் தாண்டியிருக்கும்.

ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைக் கேட்கிறார்கள்: "டெலிவரிக்கே முப்பத்தைந்து ராண்ட் வாங்குகிறார்களே அக்கா, அதற்கு மேல் டிப்ஸ் எதற்கு?"

கொடுங்கள் என்பதுதான் என் பதில். எவ்வளவு, எப்படி என்பதில் நான் பல தடவை மாறியிருக்கிறேன், அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதல் வருடம் அந்த டெலிவரிக் கட்டணம் முழுக்க பைக்கில் வரும் பையனுக்குப் போகிறது என்றே நினைத்திருந்தேன். மனசுக்குப் பிடித்தால் கொடுப்பேன், இல்லாவிட்டால் இல்லை. ஒரு புரட்டாசி சனிக்கிழமை. இங்கே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டாசி விரதத்தை விடாமல் பிடிப்பவர்கள். எங்கள் வீட்டிலும் அன்று படையல். கறிவேப்பிலையும் தனியாவும் வரவில்லை. (கொத்தமல்லித் தழைக்கு இங்கே தனியா என்றுதான் பெயர்.) கையில் எடுத்து வைத்திருந்த இருபது ராண்ட் நோட்டைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். அந்தப் பையன் அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான்.

ரொம்ப நாள் கழித்துத்தான் டெலிவரிக்கு வந்த இன்னொருவர் விளக்கினார். சாமான் பொறுக்குவது கடைக்குள் இருக்கும் ஆள். பை ஒட்டி மூடித்தான் இவர்கள் கைக்கு வரும், திறந்து பார்க்க அனுமதி கிடையாது. அன்று முதல் குறைந்த பொருளுக்கு ஆப்பில் புகார் போடுகிறேன், பணம் சில நாளில் திரும்பி வந்துவிடும். டிப்ஸில் கை வைப்பதில்லை. அந்த முதல் பையன் முகம் இன்னும் மறக்கவில்லை.

இவர்களுடைய வரவு செலவு எனக்குத் தெரிந்ததும் வாசலில் நின்று பேசியதில்தான். என்னிடம் பேசியவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு டெலிவரிக்கு இவ்வளவு என்ற கணக்கு. மாதச் சம்பளம் இல்லை. பெட்ரோல், போன் டேட்டா அவர்கள் செலவு. பைக் பலருக்குச் சொந்தம் இல்லை, வாரவாடகை கட்டுகிறார்கள். நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. கடை வாசலில் ஆர்டருக்காகக் காத்திருக்கும் மணி நேரத்துக்கு இவர்களுக்கு அதுவும் இல்லை. இதைக் கேட்ட பிறகு இருபது ராண்ட் எனக்குச் சின்ன நோட்டாகத் தெரியவில்லை.

எவ்வளவு கொடுப்பது? ஓட்டலில் கொடுப்பதுபோல் பில்லில் பத்து சதவீதம் என்று கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. தீபாவளி வாரத்தில் பலகாரத்துக்கு கிளிம் பால்பவுடர் டின், பாதாம், ஏலக்காய் வாங்கினால் பில் ஆயிரத்தைத் தாண்டும். பை ஒரு கையில் அடங்கிவிடும். மறுவாரம் டாஸ்டிக் அரிசி பத்துக் கிலோ, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. பில் அதில் பாதிகூட வராது. ஆனால் எங்கள் வீட்டுக்குத் தெருவிலிருந்து முப்பத்திரண்டு படி. அதனால் பில்லை விட்டுவிட்டேன், பாரத்தையும் மேட்டையும்தான் பார்க்கிறேன். சாதாரண நாளில் இருபது. பாரம், மழை, இருட்டு என்றால் முப்பது, நாற்பது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குழாயில் தண்ணீர் இல்லாமல் கேன் கேனாக வரவழைத்த நாட்களில் ஐம்பது கொடுத்தேன்.

2023-இல் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததே, அப்போது இன்னொன்றும் புரிந்தது. சிக்னலை இங்கே ரோபோ என்பார்கள். ரோபோ எல்லாம் செத்துக் கிடக்கும் சந்திப்புகளைத் தாண்டி ஒருவர் இருட்டில் வந்து சேருகிறார். நம் கேட் மோட்டாரும் ஓடாது, மணியும் அடிக்காது. ஹாரன் அடித்துவிட்டு நிற்பார். அந்தப் பத்து நிமிடம் அவருக்கு ஒரு டெலிவரி போச்சு. இப்போது பைக் எங்கள் தெருவுக்குள் திரும்பியது ஆப்பில் தெரிந்ததுமே டார்ச்சோடு கீழே இறங்கிவிடுகிறேன். டிப்ஸ் கொடுக்க வசதி இல்லாதவர்கள் இதையாவது செய்யலாம்.

கையிலா, ஆப்பிலா என்பதுதான் எனக்குத் தெளிய ரொம்ப நாளான விஷயம். முன்பெல்லாம் நான் கையில்தான் கொடுப்பேன். மலாவி நாட்டுக்காரர் ஒருவர், ராத்திரி எட்டு மணி இருக்கும், நோட்டை வாங்கத் தயங்கினார். "ஆப்பில் போடுங்கள் சிஸ்டர். பையில் காசு இருக்கிறது என்று தெரிந்தால் வழியில் நிறுத்துவார்கள்" என்றார். பைக்கில் வருகிறவர்களை மடக்கிப் போனையும் பைக்கையும் பிடுங்கும் ஊர் இது. எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் ஆப்பில்தான். அது அவர்களுக்குப் போய்ச் சேருகிறதா என்று வருகிறவர்களிடமே கேட்டேன். ஒரு ஆப்பில் மூன்று பேர் போனைத் திறந்தே காட்டினார்கள், தொகை தனியாக ஏறியிருந்தது. இன்னொன்றில் "நான் பார்த்ததே இல்லை" என்றார் ஒருவர். அந்த ஆப்பில் பகலில் மட்டும் ஆர்டர் போட்டுக் கையில் கொடுக்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எண்பது வயதுக்கு மேல். இங்கேயே பிறந்தவர், பழைய தமிழ் இன்னும் வாயில் இருக்கிறது. புதிதாக வந்த தம்பி ஒருவன் என் வீட்டில் உட்கார்ந்து டிப்ஸே வேண்டாம் என்று வாதாடியபோது அவர் கேட்டார்: "கார் நிறுத்துற இடத்துல சும்மா நின்னு பாத்துக்குற ஆளுக்கு அஞ்சு ராண்ட் குடுக்குற. பெட்ரோல் போடுறவனுக்கும் குடுக்குற. அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டு இந்தப் படி ஏறி வர்ற புள்ளைக்குக் குடுக்க யோசிக்கிறியா?" அவன் பதில் சொல்லவில்லை.

ஆயா ஃப்ரிட்ஜில் எப்போதும் தண்ணீர் பாட்டில் உறைந்திருக்கும், பைக்கில் வருகிறவர்களுக்கென்றே. நான் மாதக் கடைசியில் பெட்ரோல் பங்கில் நூறு ராண்ட் நோட்டுகளை இருபதாக மாற்றி, கதவுப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன்.