நின்டெண்டோ வீ: பூட்மீயும் பிரீலோடரும், நீண்ட காலப் பயன்பாட்டில்

வீ கன்சோலில் எதைப் போடும்போதும் முதலில் பார்க்க வேண்டியது, அது நேண்ட் மெமரியில் (கன்சோலின் உள் சேமிப்பில்) எங்கே எழுதுகிறது என்பதைத்தான். எஸ்டி கார்டிலிருந்து ஓடும் எமுலேட்டரோ கேமோ உறைந்துபோனால் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். வேட் ஃபைல் (சேனல்களை நேண்டில் நிறுவும் ஃபைல்), ஐஓஎஸ் (வீயின் உள் சிஸ்டம் மென்பொருள்), ரீஜன் மாற்றம் என்று வந்தால்தான் பிரிக் பயம், அதாவது பெட்டி இயங்காமலே போய்விடும் பயம்.

பெட்டியைப் போட்டதும் முதலில் ஓடும் பூட்0 சிப்பிலேயே பொறிக்கப்பட்டது. அது பூட்1-ஐச் சரிபார்க்கும். பூட்1 பூட்2-ஐச் சரிபார்க்கும். பழைய பெட்டிகளின் பூட்1-இல் கையொப்பச் சோதனை ஓட்டையாக இருந்ததால், பூட்மீயை (நேண்டை நகலெடுத்துத் திரும்ப எழுதும் கருவியை) பூட்2 இடத்திலேயே வைக்க முடிந்தது. அங்கே அது இருந்தால் சிஸ்டம் மெனு முழுக்க அழிந்தாலும் பேக்கப்பைத் திரும்ப எழுதிவிடலாம். சோதனை வேலைக்கு இப்படிப்பட்ட பெட்டியைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். புதிய பெட்டிகளில் பூட்மீயை நிறுவும் ஹேக்மீ இன்ஸ்டாலர், அதை ஐஓஎஸ் ஆக மட்டுமே போட முடியும் என்று சொல்லிவிடும். அந்த பூட்மீ ஹோம்ப்ரூ சேனல் (அதிகாரப்பூர்வமல்லாத புரோகிராம்களை ஓட்டும் சேனல்) வழியாகத்தான் திறக்கும். மெனு செத்தால் அதை எட்டவே முடியாது.

அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பிரீலோடர். ரீசெட்டை அழுத்திக்கொண்டே பவர் போட்டால் மெனுவுக்கு முன்பே அது வரும்; பழுதான பேனர் (மெனுவில் காட்டும் படம்) கொண்ட சேனலால் மெனு தொங்கினால் இதுவே போதும். ஆனால் மெனு நம்பியிருக்கும் ஐஓஎஸ்ஸையே இதுவும் நம்பியிருக்கிறது: மெனு பதிப்பு 4.1-இல் ஐஓஎஸ்60, 4.2-இல் 70, 4.3-இல் 80. அதை மட்டும் தொடவே கூடாது.

பூட்மீ எடுக்கும் நேண்ட் பேக்கப் ஏறத்தாழ 528 எம்பி வரும்: 512 எம்பி டேட்டா, மீதி ஸ்பேர் பகுதி. ஒவ்வொரு பெட்டிக்கும் சாவி வேறு என்பதால் அடுத்தவர் பேக்கப் உதவாது. ஓரிரு பேட் பிளாக் (நேண்டில் பழுதான பகுதி) ஃபேக்டரியிலிருந்தே இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். பூட்மீயில் வீமோட் வேலை செய்யாது. கேம்கியூப் கன்ட்ரோலர் இல்லையென்றால் பவர் பட்டனால் நகர்த்தி, ரீசெட்டால் தேர்ந்தெடுக்கலாம்.

பூட்2-ஐத் தேவையில்லாமல் திரும்ப எழுதக் கூடாது. 2009 செப்டம்பரில் வந்த அதிகாரப்பூர்வ 4.2 அப்டேட் அதை எழுதப்போய், எந்த மாற்றமும் செய்யாத சில பெட்டிகளே செத்தன. கொரியப் பெட்டியை வேறு ரீஜனுக்கு மாற்றியிருந்தால் 4.2-க்கோ அதற்கு மேலோ போகக் கூடாது. 003 பிழையோடு நின்றுவிடும்.

புதிய சேனலை முதலில் கம்ப்யூட்டரில் ஓடும் டால்ஃபின் எமுலேட்டரில் சோதிப்பது நல்லது. பூட்மீ பேக்கப்பை அப்படியே அதில் இறக்கலாம். வேட் போட்டு மெனுவைத் திறந்தால் பேனர் பழுது அங்கேயே தெரிந்துவிடும். ஐஓஎஸ் கோளாறு மட்டும் தெரியாது. டால்ஃபின் உண்மையான ஐஓஎஸ் கோடை ஓட்டுவதில்லை.