லேப்டாப் இல்லாமல் 14 மாதம், ஒரு துணைக்கால் பிரச்சினை

பள்ளிக்கூட நண்பன் போன வாரம் கூப்பிட்டான். "பொண்ணு பி.ஏ. தமிழ் சேர்ந்திருக்கா. லேப்டாப் வாங்கணுமா, இல்ல உன்ன மாதிரி போனையே மானிட்டர்ல மாட்டிக்கிட்டாப் போதுமாடா?" பதில் சொல்ல ஆரம்பித்தேன், அரை மணி நேரம் ஆகியும் முடியவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

என் வேலை மெய்ப்பு பார்ப்பது. மதுரையில் இருந்தபடி நான்கைந்து சின்னப் பதிப்பகங்களுக்குப் புத்தகம் திருத்திக் கொடுக்கிறேன். சென்ற ஆண்டு லேப்டாப்பின் மதர்போர்டு போனது. சரிசெய்ய 17,000 ரூபாய் ஆகும் என்றார் கடைக்காரர். ஏழு வருடம் ஓடிய மெஷினுக்கு அவ்வளவு போட மனம் வரவில்லை. கையில் இருந்த போனில் சார்ஜ் போடும் டைப்-சி துளை வழியாகப் படமும் வெளியே போகும் என்று தெரியும். வீட்டில் சும்மா கிடந்த 22 அங்குல மானிட்டரை எடுத்தேன். எல்லாவற்றையும் போனோடு இணைக்க 1,800 ரூபாய்க்கு ஒரு ஹப், கூடவே வயர் கீபோர்டும் மவுஸும் வாங்கினேன். அன்றிலிருந்து இதில்தான் பிழைப்பு ஓடுகிறது.

போன ஜூனில் நடந்ததைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். 240 பக்க நாவல் ஒன்று, மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மானிட்டர் அணைந்தது. ஹப்பிலிருந்து போனைக் கழற்றிப் பார்த்தால் அதே பக்கம், அதே வரி. ஹப் வழியாகவே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததால் பேட்டரியும் நிறைய இருந்தது. மொட்டைமாடிக்குப் போய்க் காற்றாட உட்கார்ந்து மீதி முப்பது பக்கத்தையும் விரலாலேயே திருத்தி முடித்தேன். பழைய லேப்டாப்பாக இருந்திருந்தால், அதன் செத்த பேட்டரிக்கு, சேமிக்காத திருத்தம் எல்லாம் போயிருக்கும். அந்த ராத்திரியில் இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு வந்த பிரியம் இன்றும் குறையவில்லை.

போனைக் கம்ப்யூட்டராக்கும் யோசனை புதிதல்ல. 2011-லேயே மோட்டோரோலா, ஏட்ரிக்ஸ் போனோடு லேப்டாப் வடிவத்தில் ஒரு கூடு விற்றது. 2015-ல் மைக்ரோசாஃப்ட், லூமியா 950-ஐ மானிட்டரில் மாட்டிக் காட்டியது. 2017-ல் கேலக்ஸி எஸ்8 போனுடன், மானிட்டரில் மாட்டினால் கம்ப்யூட்டர் மாதிரி திரை காட்டும் சாம்சங்கின் டெக்ஸ் வந்தது. இப்போது கூகுளே ஆண்ட்ராய்டு 16-ஐ ஒட்டி, ஜன்னல் ஜன்னலாகத் திறந்து வேலை பார்க்கும் வசதியை ஆண்ட்ராய்டுக்குள்ளேயே கட்டுகிறது. வேகத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 400 பக்க பிடிஎஃப் ஒரு பக்கம், அகராதி ஒரு பக்கம், வாட்ஸ்அப் ஒரு ஓரம் என்று திறந்து வைத்தாலும் போன் திணறுவதில்லை.

திணறுவது தமிழில்தான். அதுவும் கீபோர்டில்.

போனின் கண்ணாடியில் விரலால் தமிழ் அடித்தால் அருமையாக வருகிறது. வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்கிறது. ஆனால் வெளிக் கீபோர்டை மாட்டியதும் என் போன் தமிழை மறந்துவிடுகிறது. மொழி தமிழ் என்று காட்டும், அடித்தால் ஆங்கிலம் விழும். நான் தமிழ்99 பழகியவன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை அமைப்பு அது. 'வாழை' என்று அடிக்க வ, ஆ, ழ, ஐ என்று நான்கே விசை. வ-வுக்குப் பின்னால் ஆ அடித்தால் அது தானாகத் துணைக்கால் ஆகும். 'பக்கம்' அடிக்கும்போது க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானே விழும். இதற்கு, முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று மென்பொருள் பார்த்தாக வேண்டும். ஆண்ட்ராய்டில் வெளிக் கீபோர்டுகளுக்கு இருப்பதோ, இந்த விசைக்கு இந்த எழுத்து என்கிற வெறும் அட்டவணை. அதில் தமிழ்99 அடங்காது.

தேடித் தேடி, வெளிக் கீபோர்டிலும் தமிழ்99 அடிக்கவிடும் ஒரு செயலியைப் பிடித்தேன். புதிதாக எழுதும்போது ஓரளவு சரியாக இருக்கிறது. திருத்தும்போதுதான் வினை. பிரதியில் 'வழை மரம்' என்று இருக்கிறது. மவுஸால் வ-வுக்கு அடுத்துச் சொடுக்கி ஆ அடித்தால் 'வஆழை' என்று விழுகிறது. கர்சருக்கு முன்னால் இருப்பது வ என்று அதற்குத் தெரியவில்லை. 'பகம்' என்பதைப் பக்கம் ஆக்கப் போனால் 'பககம்' வருகிறது. வ-வை அழித்து மறுபடி வ, ஆ என்று அடித்தால் சரியாகிறது. ஒரு வார்த்தைக்கு என்றால் பரவாயில்லை. ஒரு நாவலில் எத்தனை நூறு இடம்! சொல்லின் கடைசியில் ஒற்று சேர்ப்பது மட்டும் தகராறில்லாமல் நடக்கிறது, அந்த எழுத்தையும் அதன் புள்ளியையும் புதிதாகவே அடிப்பதால்.

அந்தச் செயலியைச் செய்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இலவசமாகக் கொடுக்கிறார். எழுதிக் கேட்டேன், இரண்டே நாளில் பதில் போட்டார். கர்சருக்கு முன்னால் உள்ள எழுத்தை எழுதுசெயலி சொன்னால்தான் விசைப்பலகைக்குத் தெரியும், பிரவுசரில் ஓடும் சில எழுதுசெயலிகள் அதைச் சரியாகச் சொல்வதில்லை என்று விளக்கினார். நியாயம்தான். என் கோபம் போன் செய்கிறவர்கள் மேல். விண்டோஸில் தமிழ்99 உள்ளேயே கிடைக்கிறது. லேப்டாப்பின் இடத்தைப் பிடிக்கப் போகிறோம் என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள், கோடிக்கணக்கான பேர் எழுதும் மொழிக்கு ஒரு கீபோர்டைச் சரியாகச் செய்து வைக்க வேண்டாமா? கேமராவை வருடா வருடம் மாற்றத் தெரிகிறது. ஒரு துணைக்காலுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லையா?

நண்பனுக்கு இன்னொன்றும் சொன்னேன். டைப்-சி துளை இருப்பதாலேயே மானிட்டரில் படம் வந்துவிடாது. விலை குறைந்த பல போன்களில் அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்பு மாற்றவும் மட்டும்தான். கடைக்கு ஹப்பையும் எடுத்துப் போய், அங்கேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடு என்றேன்.

கடைசியில் அவன் கேட்டது ஒரே கேள்வி: "சரி, என் பொண்ணுக்கு?" லேப்டாப் வாங்கு என்றேன். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்று வருடமும் அந்தப் பிள்ளை தமிழில்தான் கட்டுரை எழுதப் போகிறது, எழுதியதைத் திருத்தப் போகிறது. நான் படும் பாட்டை அதுவும் பட வேண்டாம்.

"அப்போ நீயும் வாங்கப் போறியா?" என்றான். யோசிக்காமலே இல்லை என்றேன். நாளைக் காலை திருச்சிக்குப் பஸ். 312 பக்கச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று பாதியில் நிற்கிறது, சட்டைப் பையில்தான் வரும். மேலூர் தாண்டுவதற்குள் ஒரு கதையாவது முடித்துவிடுவேன்.